பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

பள்ளியில் ஒரு பிள்ளையை நோகடிக்கக் கை ஓங்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வட்டம் வட்டமாக உட்காருவார்கள். ஒருவனுக்கு மட்டும் எந்த வட்டமும் நகர்ந்து இடம் கொடுக்காது. அவன் தண்ணீர் பிடிக்கப் போகிறவன் மாதிரி குழாயடிக்குப் போவான். பாட்டிலை நிரப்புவான், கொட்டுவான், மறுபடியும் நிரப்புவான். அடுத்த மணி அடிக்கும்வரை நேரத்தை ஓட்ட வேண்டுமே. சாயங்காலம் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு வந்து சேரும். கேட்டால் ‘பசிக்கலை’ என்பான். பட்டப்பெயர் வைப்பது, நிறத்தையும் உடம்பையும் நடையையும் சொல்லிக் கேலி செய்வது, பையை ஒளித்து வைப்பது, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவது என்று இந்தக் கொடுமைக்குப் பல முகம் உண்டு. விஷயம் என்றைக்காவது வெளியே வந்தால் மூன்று பேரைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்: பட்டவன், படுத்தியவன், கண்டுகொள்ளாத ஆசிரியர். வகுப்பில் மீதி இருக்கும் முப்பத்தைந்து, நாற்பது பேர் யார் கணக்கிலும் வருவதில்லை. என் வாதம் அவர்களைப் பற்றியது. ஒரு வளரிளம் பிள்ளை தனித்து விடப்படுவதும், அதிலிருந்து மீண்டு வருவதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. இதற்குச் சான்று ஏராளமாகச் சேர்ந்துவிட்டது. நாமோ பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அறிவுரை, செய்தவனுக்குத் தண்டனை என்ற இரண்டு மருந்தோடு நின்றுவிட்டோம்.

இந்தக் கொடுமையை முறையாக ஆராயத் தொடங்கியவர்கள் வட ஐரோப்பியர்கள். ஸ்வீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியுஸ், 1970களின் தொடக்கத்திலேயே பள்ளிப் பையன்களை ஆராய்ந்து புத்தகம் எழுதிவிட்டார். ஆனால் நார்வே அரசு அசைந்தது பத்தாண்டு கழித்துத்தான். 1982 இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் பத்து முதல் பதினான்கு வயதுக்குள் இருந்த மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று செய்தி வந்தது. மறு ஆண்டே கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கனில் 42 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,500 மாணவர்களை ஓல்வியுஸ் தொடர்ந்து கவனித்தார். இரண்டே ஆண்டில் கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்பது அவர் தந்த கணக்கு. வேறு நாடுகளில் இதே திட்டம் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அவர் வகுத்த இலக்கணம் இன்றுவரை நிற்கிறது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க வலுவில்லாத ஒருவர்மேல் செய்வது. பிள்ளைகளுக்குள் சண்டை வரும்; கா விடுவார்கள், மறுநாளே பழம் விட்டுக்கொள்வார்கள். அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஓல்வியுஸ் சொல்வதில் ஒரு பக்கம்தான் உண்டு, அந்தப் பக்கத்தில் கூட்டம் நிற்கிறது. யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் இத்தகைய கொடுமைக்கு ஒருமுறையாவது ஆளாகியிருந்தார்.

‘நாலு பேர் பேசாவிட்டால் என்ன, படிப்பைப் பார்’ என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒதுக்கப்படுவது எவ்வளவு சின்ன விஷயத்திலும் வலிக்கும் என்பதைக் காட்ட அமெரிக்க உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினார். அதன் பெயர் சைபர்பால். திரையில் மூன்று பொம்மைகள் பந்து எறிந்து விளையாடும். ஒன்று நீங்கள், மற்ற இரண்டும் வேறெங்கோ உட்கார்ந்து விளையாடும் மனிதர்கள் என்று உங்களிடம் சொல்லப்படும். முதலில் பந்து உங்களுக்கும் வரும். சிறிது நேரத்தில் அவர்கள் இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள், உங்கள் பக்கம் பந்தே வராது. விளையாட்டு முழுக்கச் சில நிமிடம்தான். பரிசு கிடையாது, முகம் தெரியாது, நாளைக்கு அவர்களைப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் விளையாடியவர்களின் மனநிலை சரிகிறது, தன்மதிப்பு குறைகிறது. எதிரில் இருப்பது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்திய சோதனையிலும் இதே கதைதான். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் 13 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து இதே விளையாட்டை ஆட வைத்தார்கள். உடல்வலியில் பங்குபெறும் ஒரு மூளைப்பகுதி ஒதுக்கப்பட்டபோதும் கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதி வலிக்கென்றே உள்ளதா என்பதில் அறிவியலாளர்களுக்குள் விவாதம் தொடர்கிறது. மனத்தில் ஏற்படும் தாக்கத்தைப் பற்றி அவ்வளவு விவாதம் இல்லை. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளையும் வளர்ந்த பெண்களையும் ஒப்பிட்டபோது, ஒதுக்கப்பட்ட பின் பிள்ளைகளின் மனம்தான் அதிகமாகச் சோர்ந்தது. சில நிமிடப் பந்து விளையாட்டுக்கே இப்படி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழு ஆண்டுகள் பந்து வராமலே போனால்?

அந்தப் பந்தை யார் எறிய மறுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வகுப்பின் உண்மையான அமைப்பு புரியும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களிடமே ‘கொடுமை நடக்கும்போது யார் என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்டுப் பட்டியலிட்டார். முன்னின்று செய்கிறவர்கள் சுமார் 8 சதவீதம். கூடச் சேர்ந்து கைகொடுக்கிறவர்கள் 7 சதவீதம். சிரித்தும் கைதட்டியும் ஏற்றிவிடுகிறவர்கள் 20 சதவீதம். பார்த்தும் பாராமல் ஒதுங்கிப் போகிறவர்கள் 24 சதவீதம். பாதிக்கப்பட்டவர் பக்கம் பேசுகிறவர்கள் 17 சதவீதம். நிஜமான வில்லன்கள் வகுப்புக்கு மூன்று பேர்தான்; அவர்களுக்கு மேடையும் வெளிச்சமும் கொடுக்கிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. கனடாவின் டொராண்டோவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகியோர் பள்ளி மைதானங்களில் கேமராவும் மாணவர்கள் சட்டையில் வயர்லெஸ் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். நூற்றில் 88 நிகழ்வுகளில் சுற்றி வேறு பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது குறுக்கிட்டது 19இல்தான். ஆனால் இந்த ஆய்வில் நான் முக்கியமாக நினைப்பது அடுத்த எண்ணை: குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை, அதாவது 57 சதவீதம், கொடுமை பத்தே விநாடியில் நின்றுவிட்டது. ‘விடுறா, போதும்’ என்று சொல்ல ஆகும் நேரம் அதைவிடக் குறைவு. நடுத்தர வயதில் நமக்கு வீரம் என்று தோன்றுவது அங்கே பத்து விநாடிச் சமாச்சாரமாக இருக்கிறது. அப்படியும் ஐந்தில் நான்கு தடவை யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் எளிது. வாய் திறந்தால் அடுத்த ஆள் தானாகிவிடுவோமோ என்ற பயம்.

கூட்டம் முழுக்க மனம் மாறினால்தான் அந்தப் பிள்ளை மீள முடியும் என்றால் நம்பிக்கை வைக்க இடமில்லை. நல்லவேளையாக அப்படி இல்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வில்லியம் புகோவ்ஸ்கி உள்ளிட்டோர் நடத்தி 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில், கொடுமைக்கு ஆளான குழந்தைகளின் மனநிலையும் நடத்தையும் ஓராண்டில் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லாத குழந்தைகளுக்குத்தான் நிலைமை மோசமானது. ‘இவன் என் நண்பன்’ என்று இரண்டு பேரும் பரஸ்பரம் பெயர் சொன்ன ஓர் உறவு இருந்தவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. வேண்டியது ஒரே ஒரு நட்பு. சமூக உளவியலில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், கோடுகளின் நீளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றி இருந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே பேசி வைத்தபடி தவறான பதிலைச் சொல்வார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை மக்கள் கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொன்னபோது அந்த ஒத்துப்போதல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ‘நான்தான் தப்பு போலிருக்கிறது’ என்ற எண்ணத்தை உடைக்க இன்னொரு குரல் போதும். கொடுமைக்கு ஆளாகும் பிள்ளையின் மனத்தில் ஓடுவதும் அந்த ஒரே வாக்கியம்தான்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு நம் வீடுகளில் வழக்கமாகக் கேட்பது: ‘நாங்களும்தான் கேலிக்கு ஆளானோம். கெட்டா போனோம்? அடிபட்டால்தான் உரம் ஏறும்.’ இப்படிச் சொல்கிறவர்கள் மேலே வந்தவர்கள். வராதவர்கள் இந்த உரையாடலில் கலந்துகொள்வதே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அவர்களில் 7,771 பேரின் பெற்றோர், பிள்ளைகளுக்கு ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் சக மாணவர்களின் கொடுமை இருந்ததா என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஐம்பது வயதைத் தொட்டபோது எப்படி இருந்தார்கள் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டார்கள். அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. நட்பும் குடும்ப வாழ்க்கையும் வலுக்குறைந்திருந்தன. குடும்ப வறுமை, சிறுவயது அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் போகவில்லை. நாற்பது ஆண்டு ஆன பின்னும் ஆறாத காயத்துக்கு உரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கஷ்டம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அந்தக் கஷ்டத்தில் கூட நிற்க ஆள் இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. பிள்ளையிடமும் மாற வேண்டியது இருக்கிறதல்லவா? கூச்சம், எதற்கெடுத்தாலும் அழுவது, பேசத் தெரியாமை இதையெல்லாம் சரி செய்தால், கராத்தே கற்றுக்கொடுத்தால், கொடுமை தானாக நிற்காதா? தன்னம்பிக்கைப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதையே முழுத் தீர்வாக வைத்தால், குறை உன்னிடம்தான் என்று கூட்டம் சொன்னதைப் பெரியவர்களும் முத்திரை குத்தி உறுதி செய்துவிடுகிறோம். இதன் ஆபத்தைப் பின்லாந்திலும் நெதர்லாந்திலும் ஆய்வாளர்கள் எதிர்பாராத இடத்தில் கண்டார்கள். நல்ல திட்டங்கள் நடந்து வகுப்பில் கொடுமை வெகுவாகக் குறைந்த பிறகும் ஓரிருவர்மேல் மட்டும் அது தொடர்ந்தது. அந்த ஓரிருவர், கொடுமை குறையாத வகுப்புகளில் இருந்த அதே நிலைப் பிள்ளைகளைவிட மோசமான மனச்சோர்வில் இருந்தார்கள். முன்பு தன்னைப்போல் நாலு பேர் இருந்தார்கள், பழியை உலகத்தின்மேல் போட முடிந்தது. இப்போது எல்லோரும் நன்றாக இருக்க, தான் மட்டும் மிச்சம். ‘அப்படியானால் கோளாறு என்னிடம்தான்’ என்ற முடிவுக்கு அவர்கள் வருகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நண்பனாகச் சேர்த்துக்கொள்ளத் தன்னைப்போல் இன்னொருவனும் வகுப்பில் இல்லாமல் போகிறான். பள்ளி தன் வெற்றியைச் சதவீதத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது. கடைசிப் பெஞ்சில் மிஞ்சிப்போன அந்த ஒருவனை வைத்துத்தான் எந்தத் திட்டத்தையும் அளக்க வேண்டும்.

தண்டனையால் தீராதா என்பது அடுத்த கேள்வி. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்றால் சட்டம்தான் பேச வேண்டும், அதில் தயக்கம் கூடாது. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுவதற்கும் விதிமுறை வகுத்தது. கல்லூரி வாசலில் ராகிங் ஒரு சடங்குபோல நடந்த காலம் மாறியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் பள்ளி வகுப்பறைக் கொடுமையில் பாதி, சட்டத்தின் கைக்கு அகப்படாத பொருளால் ஆனது. பக்கத்தில் உட்காராமல் இருப்பதற்கும், சிரிப்பதற்கும், பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்வதற்கும் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? டி.சி. கொடுத்து ஒருவனை அனுப்பிவிடலாம். அவன் செய்ததைப் பார்த்துச் சிரித்த எட்டுப் பேர் அங்கேயேதான் இருப்பார்கள். கொடுமை செய்கிறவன் பெரும்பாலும் வகுப்பில் மதிப்புத் தேடுகிறவன் என்று சல்மிவல்லியும் மற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள். அந்த மதிப்பைக் கொடுக்கிறவர்கள் இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறொருவன் வருவான்.

அப்படியானால் நட்பை உத்தரவு போட்டு உண்டாக்க முடியுமா என்று கேட்கலாம். மறுப்புகளிலேயே இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஆசிரியர் வகுப்பின் நடுவில் நின்று, ‘இவனையும் சேத்துக்கோங்கடா’ என்று சொன்னால் அந்தப் பையனின் நிலை ஒப்புக்குச் சப்பாணிதான். எட்டு வயதில் அதை ஏற்றுக்கொள்ளலாம். பதினைந்து வயதில் அது இன்னொரு அவமானம். எனவே கெட்டிக்காரத் திட்டங்கள் நட்பை அறிவிப்பதில்லை, அது முளைக்கத் தோதான நிலைமையைச் செய்து வைக்கின்றன. பின்லாந்து அரசின் ஆதரவில் சல்மிவல்லி குழு உருவாக்கி 2009 முதல் நாடு முழுக்கப் பரவிய ‘கிவா’ திட்டத்தில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. புகார் வந்தால், செய்தவர்களோடு பேசுவது ஒரு பக்கம் நடக்கும். வகுப்பாசிரியர் தனியாக இரண்டு முதல் நான்கு மாணவர்களைக் கூப்பிடுவார்: நல்ல மனமும் வேண்டும், வகுப்பில் செல்வாக்கும் வேண்டும், அப்படிப்பட்டவர்கள். ‘அவனுக்கு நீங்கள் என்ன செய்யலாம்?’ என்று அவர்களிடமே கேட்பார். யாரும் பார்க்க மேடை போடுவதில்லை. செல்வாக்கு உள்ளவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கேலி செய்கிறவனுக்குக் கைதட்டு விழாது. நெதர்லாந்தில் நடந்த ஒரு கள ஆய்வு இன்னும் எளியது. ஒருவரையொருவர் பிடிக்காத மாணவர்களைச் சில வாரங்களுக்குக் கிட்டக் கிட்ட உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். வெறுப்பு குறைந்து, ஒருவருக்கு ஒருவர் கொடுத்த விருப்ப மதிப்பெண் கூடியது. கொடுமை பற்றிய புகார்களும் குறைந்தன. யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறார், பெரும்பாலும் உயரத்தையும் அரட்டையையும் மட்டும் பார்த்து.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் எலிசபெத் பாலக் குழுவினர் 2012-13 கல்வி ஆண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளில் செய்த சோதனை இதே வழியில் போனது. ஒவ்வொரு மாணவரிடமும் ‘நீ யாரோடு நேரம் செலவிடுகிறாய்?’ என்று பெயர் கேட்டு, பள்ளியின் நட்பு வலையை வரைபடமாக்கினார்கள். அதில் பலரும் பெயர் சொன்ன மாணவர்கள் யார் என்பது தெரிந்துவிட்டது. திட்டம் நடந்த பள்ளிகளில் இருபது, முப்பது மாணவர்களைக் குலுக்கலில் எடுத்து, ‘இந்தப் பள்ளியில் என்ன சரியில்லை? நீங்களே சொல்லுங்கள், நீங்களே செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். எந்த ஆசிரியரும் உபதேசம் செய்யவில்லை. யாராவது இன்னொருவருக்கு உதவி செய்வதைப் பார்த்தால் அந்த மாணவர்கள் அவர் கையில் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டையைக் கட்டிவிடுவார்கள். திட்டம் நடந்த பள்ளிகளில் மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. பலரும் பெயர் சொன்ன மாணவர்கள் குழுவில் அதிகமாக இருந்த பள்ளிகளில் பலன் மேலும் கூடியது.

கையில் கட்டும் பட்டை என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தென்மாவட்டப் பள்ளிகளில் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்த தலித் மாணவர் ஒருவர் ஆசிரியர்களிடம் விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு அவரும் தடுக்க வந்த தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். உயிர் பிழைத்த அவர் தேர்வும் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். நான் மேலே சொன்ன வட ஐரோப்பிய ஆய்வுகள் எதிலும் இல்லாத பரிமாணம் இது, அதை மறைக்கக் கூடாது. அங்கே ஒதுக்கப்படுகிறவன் பெரும்பாலும் வகுப்பறைக்குள்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறான். இங்கே பிறக்கும்போதே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒதுக்கும் கூட்டம் வகுப்பறையில் உருவாவதில்லை, ஊரிலிருந்து வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் ‘நட்பாக இருங்கள்’ என்று மட்டும் சொல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கயிறு கட்டுகிற பையனையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அவனும் தேடுவது சேர்ந்திருக்க ஓர் இடத்தைத்தான். அவனுக்கு முதலில் கதவு திறந்தது சாதிக் குழு. சைபர்பால் சோதனை ஒன்றில், எதிரே விளையாடுகிறவர்கள் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெறுப்புக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லியும் பார்த்தார்கள். அவர்கள் ஒதுக்கினாலும் வலித்தது. நாம் அருவருக்கும் கூட்டம்கூட நம்மை விலக்கினால் மனம் கசங்குகிறது என்றால், எந்தக் கூட்டம் கைநீட்டினாலும் பதினைந்து வயதுப் பிள்ளை போய்விடும் அபாயம் எவ்வளவு? தெருமுனைக் கோஷ்டி, ரசிகர் சண்டை, ஆன்லைனில் ‘நீ மட்டும்தான் எனக்கு’ என்று பேசும் முகம் தெரியாத பெரியவர் என்று கைகள் நிறையவே நீளுகின்றன.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த ஒருநபர் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கைக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை பரபரப்பாகப் பேசப்பட்டது, எதிர்ப்பும் கிளம்பியது. அதே அறிக்கையில் அவ்வளவாக யாரும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது: மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். நெதர்லாந்து ஆய்வைப் படித்தவருக்கு அதன் அருமை தெரியும். தடை அடையாளத்தை மறைக்கும். பெஞ்சு மட்டுமே ஒருவரைப் பக்கத்தில் கொண்டுவரும். அகர வரிசை போதுமா என்றால் எனக்குச் சந்தேகம்தான், ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தடவை இடம் மாற்றுவதும் வேண்டும். இருந்தாலும் இதற்குப் பணமும் பயிற்சியும் தேவையில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்ற ஆசிரியரின் நியாயமான புலம்பலுக்கும் அது பதில். வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது, இவனுக்கு வகுப்பில் யார் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை தனக்குள் கேட்டுப் பார்த்தால் போதும். பதில் வராத பெயர்கள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்கூல்ல ஏதாவது பிரச்னையா?’ என்று கேட்டால் பதின்வயதுப் பிள்ளை ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொல்லும். ‘இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்டே? பஸ்ல பக்கத்துல யார்?’ என்று கேளுங்கள். வாரக்கணக்கில் அந்தப் பதிலில் பெயரே வராவிட்டால் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். யாரைத் தண்டிப்பது என்று பேசுமுன், யாரை இவன் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று பேசுங்கள். உங்கள் பிள்ளை பாதிக்கப்பட்டவனாக இல்லாமல் சிரித்தவர்களில் ஒருவனாகவோ ஒதுங்கிப் போனவர்களில் ஒருவனாகவோ இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள், எண்ணிக்கைப்படி அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவனிடமும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: ‘உங்க கிளாஸ்ல தனியா சாப்பிடுறது யார்?’ பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. மூன்றுக்கும் அழைப்பு இலவசம்.